சுவரில் ஒரு சாய்ந்த துளை

இங்கிலாந்தில் மாதா கோயிலுக்குள்ளேயே ஆட்களைப் புதைத்து, அந்தக் கல்லின் மேல் பூட்ஸோடு நடக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று நான் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்தேன். மேஸ்திரி கத்தினான். காலில் கல் விழுந்தால் அவன் பதில் சொல்ல வேண்டுமாம்.

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். பெண்ணாடம் சர்க்கரை ஆலை, துபாய், மஸ்கட் என்று சுற்றிவிட்டு, இப்போது இந்தக் கிராமத்துக் கோயிலின் பழுதுபார்ப்புக்குச் சுண்ணாம்புக் கலவை சுமக்கிறேன். கோபுரச் சுவர் இரண்டு முழத்துக்கு மேல் கனம். அது தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய நார்மன் காலத்தது, கூர்வளைவு ஜன்னல்கள் பின்னால் வந்தவர்கள் வைத்தது என்றார் கோயில் சாவியை வைத்திருக்கும் மார்கரெட் அம்மாள். பீடத்தருகே சுவரில் சாய்வாக ஒரு துளை. தொழுநோயாளிகள் வெளியே நின்று அதன் வழியாகத்தான் பூசை பார்த்தார்களாம்.

"கொடுமையான காலம். நல்லவேளை, முடிந்துவிட்டது" என்றார்.

"எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது" என்றேன்.

"பாவம். இப்போதுதான் மாத்திரை வந்துவிட்டதே!"

நான் சொன்னது நோயை அல்ல; அதை விளக்கிச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எங்கள் ஊர். அங்கே சிலுவை வடிவில் கட்டிய கோயிலில் எங்கள் தெருக்காரர்களுக்கு இடதுபக்கச் சிறகு. அங்கிருந்து பீடம் தெரியாது. மணிச் சத்தம் கேட்டுத்தான் முட்டி போடுவோம். முப்பது வருஷம் அந்த மணியை அடித்தவர் என் அப்பா. கல்லறைத் தோட்டத்திலும் குறுக்கே ஒரு சுவர் உண்டு. கோயிலையும் மணிக்கூண்டையும் ஒட்டிய பக்கம் மேல்சாதிக்காரர்களுக்கு.

சாரத்தில் நின்றிருந்தபோது தங்கை புருஷன் ஆரோக்கியம் போன் செய்தான்.

"மாமா போயிட்டாரு மச்சான். மணிக்குப் பக்கத்துலதான் தன்னை வைக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு. நம்ம தெருப் பசங்க சுவருக்கு அந்தாண்டதான் வைப்போம்னு நிக்கறானுங்க. அவுங்க கேட்டைப் பூட்டிட்டாங்க. போலீஸ் வந்திருக்கு. மூத்த புள்ள நீ, சொல்லு."

"தங்கச்சி என்ன சொல்லுது?"

"நாளைக்கும் இதே ஊர்லதான இருக்கணும்னு அழுவுறா."

நான் யோசிக்கக்கூட இல்லை. "இந்தாண்டயே வச்சிடு" என்றேன்.

"இதைச் சொல்லவா சீமைக்குப் போன?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

அன்று மீதிக் கலவையையும் சுமந்து முடித்தேன். விஷயம் தெரிந்து, மார்கரெட் அம்மாள் அப்பாவின் பெயரை ஞாயிறு ஜெபத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டார். இந்தக் கிராமத்தில் இறந்த இரண்டு பேரோடு சேர்த்து, சவரிமுத்து என்று பாதிரியார் வாசித்தார். அம்மாள் திரும்பி, தன் பக்கத்தில் வந்து உட்காரும்படி பெஞ்சைத் தட்டிக் காட்டினார். முன்வரிசை முழுக்கக் காலிதான். யாரும் சொல்லாமலே நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பீடம் தெரியவில்லை.