தர்மண்ணை தங்கைக்குத் தெரிந்தெடுத்த ஃபண்டுகள்

சனிக்கிழமை முற்பகல், டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. தர்மண்ணையின் மகன். அவன் என்னோடு ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. அன்று மட்டும், "அன்ரி, அப்பா செத்துப்போனார்" என்று தமிழில் சொன்னான். காலமானார், மோசம் போய்விட்டார் என்று நாங்கள் பூசி மெழுகுகிற சொற்கள் ஒன்றும் அவனுக்குத் தெரியாது. காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, எங்கே போவதென்று தெரியாமல் பஸ் தரிப்பில் நின்றேன்.

தர்மகுலசிங்கம் என்ற முழுப்பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. குரோய்டனில் ஓய்வூதியக் கோப்புகள் பார்க்கிற ஓர் அலுவலகத்தில், பதினான்கு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. நான் படபடவென்று கதைக்கிறவள். அவரிடம் பத்துச் சொல் கேட்டால் ஒரு சொல் வரும். சொல்லில்தான் அந்தக் கஞ்சத்தனம். அவருடைய மதியச் சாப்பாட்டில் பாதி என் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.

லண்டனில் இருந்துகொண்டு கனடாவின் ஃபண்டுகளைப் படிக்கிற ஒரே மனிதரை நான் அங்கேதான் கண்டேன். காரணம் அவருடைய ஒரே தங்கை. வசந்தியக்கா ஸ்காபரோவில் இருக்கிறார். கணவர் இறந்தபோது ஓய்வுக்காலச் சேமிப்பு என்று கொஞ்சம் விட்டுப்போயிருந்தார். அக்காவுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் பொதிசெய்கிற வேலை, இரண்டு முழங்காலும் சரியில்லை. வேலையை விட்டபின் சாப்பிட அந்தச் சேமிப்பைத் தவிர அவருக்கு வேறொன்றும் பெரிதாக இல்லை. அதை எதில் போடுவது என்பதுதான் தர்மண்ணையின் கவலை. ஒவ்வொரு ஃபண்டின் விபரத் தாளையும் அச்சிட்டு, அடிமட்டம் வைத்து வரிவரியாகப் படிப்பார். "சோதினைக்குப் படிக்கிறியளோ அண்ணை?" என்று ஒருநாள் சீண்டினேன். "சோதினை எண்டால் பெயில் விட்டாலும் திருப்பி எடுக்கலாம், தங்கச்சி" என்றார்.

மொன்றியலில் இருக்கிற என் தம்பி, ஏழு ஃபண்ட் வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் பரவலாகப் போட்டிருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். தர்மண்ணை அந்த ஏழு தாளையும் ஒரு மத்தியானத்தில் பார்த்து முடித்தார். ஏழுக்குள்ளும் முதலிடத்தில் இருந்தவை அதே நாலைந்து வங்கிகள். "உம்மடை தம்பி ஒரே வாழைக்காயை ஏழு விதமாய்ப் பொரிச்சு வைச்சிருக்கிறார்" என்றார். பிறகு, யார் வந்து கேட்டாலும் சொல்வதைச் சொன்னார்: "ஃபண்டின்ரை பேரைப் பாக்கவேண்டாம். வருசா வருசம் எவ்வளவு கழிக்கினம், உள்ளுக்கை என்ன கிடக்கு, ரெண்டையும் பாக்கச் சொல்லும்." தம்பி அப்படியே மாற்றினான். இன்றைக்கு அவன் நிம்மதியாக இருக்கிறான்.

தங்கைக்கு அவர் தெரிந்தெடுத்தது ஒரே ஒரு பக்கத்தில் அடங்கியது. கனடா, அமெரிக்கா, மற்ற நாடுகள் எல்லாவற்றின் பங்குகளையும் சேர்த்து வைத்திருக்கிற, கட்டணம் மிகக் குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று. அக்காவுக்கு வயது அறுபதை நெருங்குவதால், அதே அளவுக்குக் கடன்பத்திர ஃபண்ட். அவருடைய ஆசைக்கென்று இரண்டு பழைய வங்கிகளின் பங்கு, அதுவும் கொஞ்சம். ஏன், எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. ட்ராம் தரிப்பில் நின்று அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

அனுப்பவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சம்பந்தி வருகிறார். வசந்தியக்காவின் மகளைக் கட்டியவரின் தகப்பன் ஃபண்ட் விற்கிற தொழில் செய்கிறவர். கலியாணம் பேசி முடித்த கையோடு, அக்காவின் சேமிப்பு முழுவதும் அவர் விற்கிற ஃபண்டுகளுக்குப் போய்விட்டது. அதிலே கட்டணம் மட்டும் கொள்ளை. வெளியே எடுத்தால் சம்பந்தி முகம் கறுக்கும், அந்தக் கறுப்பு அக்காவின் மகளின் தலையில்தான் விடியும். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இப்படி ஃபண்ட் வாங்கியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தாளைப் பார்ப்பதில்லை, உறவைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறோம்.

"தங்கச்சி, சொல்லவோ, விடவோ?" என்று தர்மண்ணை என்னிடம் கேட்டார். அக்காவின் மகள் அப்போது நிறைமாதம். பிள்ளை பிறக்கட்டும், கொஞ்சம் பொறுங்கோ என்றேன். பிள்ளை பிறந்தது. பிள்ளைபெற்ற துடக்குக் கழியட்டும் என்றேன். பெரிய விபரம் தெரிந்தவள் மாதிரி, ஒவ்வொரு முறையும் நான்தான் தவணை சொன்னேன்.

ஒரு வருடம் அப்படியே போனது. ஒருநாள் மதியம் சாப்பாட்டு அறையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். வசந்தியக்காவிடமிருந்து போன் வந்தது. காது மந்தமென்பதால் தர்மண்ணை எப்போதும் போனை ஸ்பீக்கரில்தான் போடுவார். சம்பந்தியார் ஒரு தங்கச் சுரங்கக் கொம்பனியின் பங்கைச் சொல்கிறாராம், தானும் வாங்கியிருக்கிறாராம், சொந்தக்காரர் எல்லாரும் போடுகிறார்களாம். "ஃபண்டை வித்துப்போட்டு அதிலை போடட்டோ அண்ணை?" என்று கேட்டார். தர்மண்ணை என்னைப் பார்த்தார். பேரனின் முதலாவது பிறந்தநாளுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. மண்டபமும் எடுத்தாயிற்று, தர்மண்ணை போக விமான ரிக்கற்றும் போட்டாயிற்று. இப்போது வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "பிறந்தநாளுக்கு என்ன நிறத்திலை சீலை எடுத்தனி?" என்று கேட்டார்.

நேரில் சொல்லுவேன் என்றுதான் போனார். சொல்லாமல் திரும்பி வந்தார். "சம்பந்தி எனக்குப் பக்கத்திலை இருந்து தன்ரை கையாலை சோறு போட்டார். என்னண்டு சொல்ல?" என்றார். பரவாயில்லை அண்ணை, ஆறுதலாகச் சொல்லலாம் என்றேன். அதற்குள் வசந்தியக்கா விற்று, முழுவதையும் சுரங்கத்தில் போட்டிருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மண்ணுக்குள் தங்கம் இல்லை என்று அந்தக் கொம்பனி அறிவித்தது. கொஞ்ச நாளில் பங்கு விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். அக்காவின் சேமிப்பு முழுவதும் அதோடு போனது. சம்பந்தியும் தன் வீட்டை அடகு வைத்துப் போட்டவர். ஆகவே திட்டித் தீர்ப்பதற்குக்கூட ஆள் இல்லை. செய்தி தெரிந்த அன்று தர்மண்ணை தன் மேசையில் இருந்த தாள்களை எல்லாம் அடுக்கி, அரைக்கிற மெசினுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். "இவ்வளவு ஃபண்ட் படிச்சன், தங்கச்சி. ஒரு வசனம் கதைக்கேல்லை" என்றார். ஆறு கிழமைக்குப் பிறகு நித்திரையிலேயே போய்விட்டார். இருதயம் என்றார்கள். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது.

செத்தவீட்டுக்கு வசந்தியக்கா வந்திருந்தார். அண்ணனுடைய கண், அண்ணனுடைய மூக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேக்க அண்ணை ஒண்டும் சொல்லேல்லை. பிழையெண்டால் சொல்லியிருப்பார்தானே? அதாலைதான் போட்டனான்" என்றார். எங்கள் வீடுகளில் மூத்தவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் பொருள். அது தெரிந்து வளர்ந்தவள்தான் நானும். அண்ணையைப் பேசாமல் இருக்கச் சொன்னது நான்தான் என்று அந்த இடத்திலேயே அவரிடம் சொன்னேன். அவர் கையை விடவில்லை. "நீங்கள் எங்கடை நன்மைக்குத்தான் சொல்லியிருப்பியள்" என்றார். நாலு பேர் முன்னிலையில் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட ஏலுமாக இருந்திருக்கும்.

செத்தவீட்டில் பேசியவர்கள் எல்லாரும், ஒருவரையும் நோகடிக்காத மனிதர் என்றீர்கள். உண்மைதான். அதற்கு என்ன விலை போனது என்பதையும் நீங்கள் அறியவேண்டும் என்றுதான், வசந்தியக்காவிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகு இதை எழுதுகிறேன்.

தர்மண்ணையுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பக்கம். மெசினுக்குள் அதை மட்டும் அவர் போடவில்லை. மகன் தேடியெடுத்துத் தந்தான். போன ஞாயிற்றுக்கிழமை வசந்தியக்கா போன் பண்ணி, அண்ணை என்னதான் எழுதினவர், ஒருக்கா வாசியுங்கோ என்றார். இண்டெக்ஸ் ஃபண்ட், கடன்பத்திரம், இரண்டு வங்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே இருந்த காரணம் எல்லாவற்றையும் வாசித்தேன். முடிந்ததும், "நல்லாத்தான் தெரிஞ்செடுத்திருக்கிறார்" என்றார். பிறகு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி போனை வைத்தார்.