பதினொன்றாம் கட்டம்

உதயகுமாரின் விரல்களில் நாலு வருஷமாகக் கரப்பான் படை. நெசவாளிக்கு அது காலில் வந்தால் மறைத்துவிடலாம். கையில் வந்தால் தறியே காட்டிக் கொடுத்துவிடும். வெடித்த தோலில் பட்டு இழை மாட்டும், மாட்டினால் அறுந்துபோகும், முடிபோடப் போனால் இன்னும் நாலு மாட்டும். போன ஆடியிலிருந்து தறியில் மனைவி அம்சவேணி உட்கார, அவர் சாம்பார் வைத்தார். சாம்பாரைப் பற்றி அம்சவேணி ஒன்றும் சொல்வதில்லை, அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். மறுபடி தறியில் உட்காருவோமா என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

அவரைக் கேட்டால் குற்றவாளி சாயம். அதை அவர் சொல்லாத டீக்கடை பிள்ளையார்பாளையத்தில் இல்லை. சாயத்தை முறிக்க அவரே ஒரு களிம்பும் கண்டுபிடித்திருந்தார். தேங்காய் எண்ணெய், கற்பூரம், தாராளமாக ஜவ்வாது. தெருவில் யாராவது கை அரிக்கிறது என்றால் போதும், ஒரு டப்பா வீடு தேடிப் போகும். வைத்தியர் என்று போர்டு மாட்டாததுதான் பாக்கி.

தை பிறந்ததும் ஜீவிதா என்ற தோல் டாக்டர் சென்னையிலிருந்து வந்தார். நெசவாளர்களுக்கு வரும் தோல் அழற்சியைப் பற்றி ஆராய்ச்சி. கை தொடுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றிலும் துளி எடுத்து முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டி, எது சிவக்கிறது என்று பார்ப்பாராம். உதயகுமார் சாயத்தில் ஏழு நிறம், ஜரிகை, கஞ்சி, சோப்பு எனப் பத்துப் பொட்டலம் கட்டினார். களிம்பை எடுக்கவில்லை. மருந்தைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

அம்சவேணி டப்பாவைப் பையில் போட்டாள். "இதையும்தானே கை தொடுது. எடுத்துக்கினு போ."

இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படாமல், சொறியவும் முடியாமல் நெளிந்தார். பிரித்த பிறகு டாக்டர் முதுகைப் போட்டோ எடுத்துக் காட்டினார். சாயம் ஏழும் பரம சாது. பதினொன்றாம் கட்டம் மட்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து கொப்பளித்திருந்தது.

"இது என்ன சார்?"

"அது நானே செஞ்சதும்மா."

"வெடிப்பு முதல்ல வேற எதாலயோ வந்திருக்கும். ஆறவிடாம வெச்சது இதுல இருக்குற வாசனைதான் சார்."

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டது மட்டுமில்லை, தினம் இரண்டு வேளை அதற்குத் தீனியும் போட்டிருக்கிறோம் என்று உதயகுமாருக்கு உறைத்தது. களிம்பை நிறுத்தி, டாக்டர் கொடுத்ததைப் பூசினார். ஒன்றரை மாதத்தில் தறியில் உட்கார்ந்தார். ஓர் இழைகூட மாட்டவில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், தெருவில் கொடுத்திருந்த டப்பாக்களை எல்லாம் திரும்ப வாங்கக் கிளம்பினார். எதிர் வீட்டுக் குமரகுருவின் டப்பா பாதி காலி. அவர் விரல்களெல்லாம் செதில்.

"இதைப் போட்டா எரியலையாப்பா?"

"எரிஞ்சுதுபா. மூணு வருஷமா எரியுது."

"அப்புறம் ஏன் போட்டுக்கினு இருந்த?"

"தெனம் வந்து கையைப் பாத்துட்டு, தேவலைன்னு சொல்லிட்டு சந்தோஷமா போவியே. அதான்."

உதயகுமார் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார்.