அக்ஷிதாவின் கடைவாய்ப் பல்

மதுக்கரையில் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிற சபரீஷுக்கு ஓங்குதாங்கான உடம்பு, தெருக்கோடிவரை கேட்கிற குரல். அவன் லாரியின் முதுகில் சுற்றுகிற உருளையைப் பார்த்துக்கொண்டே நேரம் போவது தெரியாமல் நிற்பாள் மகள் அக்ஷிதா. ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பதெல்லாம் சபரீஷுக்கும் மனைவி சண்முகப்ரியாவுக்கும் அத்துப்படி. முகத்தை யாராவது தொட்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

போன மார்கழியில் ஒருநாள் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். என்னவென்று சொல்லத் தெரியாத பிள்ளை. அவள் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து சண்முகப்ரியா எட்டிப் பார்த்தாள். கடைவாயில் ஒரு பல் கறுத்து, ஈறு வீங்கியிருந்தது.

டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம், மருந்து நெடி, உள்ளேயிருந்து மெஷின் இரைச்சல். நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் அக்ஷிதா அலறத் தொடங்கிவிட்டாள். "கையக் காலக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். பிடித்தவர்களில் சபரீஷும் ஒருவன். அவள் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள். மயக்க ஊசி போட்டுத்தான் செய்யமுடியும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அக்ஷிதா அப்பன் பக்கமே வரவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவருகிறவள், கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். சபரீஷுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்ஷிதா பேச்சுப் பயிற்சிக்குப் போகிற இடத்தில் இன்னொரு தாய்தான் குனியமுத்தூர் டாக்டர் நந்திதாவின் நம்பரைக் கொடுத்தாள். போனில் டாக்டர் பல்லைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் கேட்டார். பாப்பாவுக்கு என்ன சத்தம் பிடிக்காது, என்ன வாசனை ஆகாது, எதைப் பார்த்தால் சிரிப்பாள் என்றுதான் நிறையக் கேட்டார். பிறகு, "மத்தியானத்துல வாங்க, யாரும் இருக்கமாட்டாங்க. வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து எழுதித் தாரேன். அதுக்குள்ள பாப்பா நம்மளப் பழகிக்கட்டுமுங்க" என்றார்.

முதல் நாள் வாசற்படி தாண்டவில்லை. டாக்டர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். அக்ஷிதாவைத் தொடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கையில் இருந்த, பேட்டரியில் ஓடுகிற சின்னப் பல் பிரஷ்ஷைச் சுற்றவிட்டார். அது சுற்றுவதை அக்ஷிதா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்தமுறை உள்ளே போய் அறையைச் சுற்றிச்சுற்றி வந்தாள். அதற்கும் அடுத்தமுறை நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகி நின்றுகொண்டாள்.

டாக்டர் சபரீஷிடம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க எப்பப் பல்லு காட்டுனீங்க?"

"நானுங்களா? இந்நாள் வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்ததில்லீங்க."

"அப்ப இன்னைக்கு நீங்க படுங்க. பாப்பா பாக்கட்டும்."

மலைப்பாதையில் பாரவண்டி ஓட்டியவன், அந்த நாற்காலியில் சாய்வதற்குள் அரண்டுபோனான். சண்முகப்ரியா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். டாக்டர் பிரஷ்ஷைச் சுற்றவிட்டு அவன் பல்லைத் தேய்த்தார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அப்போது கன்னத்தில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் அக்ஷிதா. தன் முகத்தை யாரையும் தொடவிடாதவள் அப்பன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சபரீஷ் வாயைத் திறந்தபடியே அழுதுவிட்டான்.

"வலிக்குதுங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க... நிறுத்திப்போடாதீங்க."

அன்றைக்கே அக்ஷிதா அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அதன்பிறகு வந்தபோதெல்லாம் மடியில் உட்கார்ந்தே வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். கறுத்தது பால்பல்தான், வேர் கரைந்து ஆட ஆரம்பித்திருந்தது. ஈறில் மரத்துப்போகிற மருந்தைத் தடவி, லாரி உருளை சுற்றுகிற வீடியோவை அவள் கையில் கொடுத்து, ஒருநாள் டாக்டர் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார். அவள் ஒருமுறை சிணுங்கியதோடு சரி. "அம்மணி, முடிஞ்சுதுடா கண்ணு" என்று சபரீஷ்தான் திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கும்பிடப் போன சண்முகப்ரியாவின் கையை டாக்டர் பிடித்துக்கொண்டார். "எதுக்குங்க இதெல்லாம்? நீங்க சலிக்காமக் கூட்டிட்டு வந்தீங்க. பாப்பா நம்பி வாயத் தொறந்தா. அவளுக்குத்தான் சொல்லணும்."

இப்போது லாரிச் சத்தம் கேட்டால் அக்ஷிதா பழையபடி வாசலுக்கு வந்துவிடுகிறாள். சத்தியமங்கலத்திலிருந்து ஒரு தம்பதி, இதேபோல் பல்வலியோடு ஒரு பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், பயிற்சி இடத்தில் நம்பர் வாங்கி சபரீஷுக்குப் போன் பண்ணினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு சபரீஷே அவர்களைக் குனியமுத்தூருக்குக் கூட்டிப் போனான். பையன் படியேற மறுத்தான். அவனுடைய அப்பா இழுக்கப் போக, சபரீஷ் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினான்.

"உடுங்க, நிக்கட்டும். இந்த டாக்டர் அவசரப்படுத்த மாட்டாங்க. வாங்க, நாமளும் இப்படி உக்காருவோம்."

மூணுபேரும் வெயில் பார்க்காமல் படியில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் நந்திதா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.