செய்யாததற்கும் “நான்தான்” என்றாள்

எல்கேஜி மிஸ், என் மகள் செய்யாத தப்புக்கு அடி வாங்கியதற்கு நீங்கள்தான் காரணம். அடித்தது என் கைதான், இல்லை என்று சொல்லவில்லை. அடிக்க வைத்தது நீங்கள்.

இது போன ஐப்பசியில் திருவண்ணாமலையில் நடந்தது. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை என்ற ஊரில் எனக்கு ஜூஸ் கடை. மகளுக்கு நாலரை வயது. டவுனில் ஒரு பள்ளியில் எல்கேஜி படிக்கிறாள். பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. பௌர்ணமியன்று என் மகள் ஒரு பையனைச் சறுக்கிலிருந்து தள்ளிவிட்டாளாம், அவனுக்குத் தாடையில் மூன்று தையலாம், உடனே வரவேண்டுமாம்.

பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். “இன்னாப்பா, ரவுடியைப் பெத்து வெச்சினு கீற?” என்று சிரித்தார். எனக்கு எரிந்தது.

ஆபீஸ் அறையில் அந்தப் பையனின் அப்பா, என் மகளுக்கு டிசி கொடுத்தே ஆகவேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். “பையனுக்கு யாருன்னு சொல்லத் தெரியல. யாரு தள்ளினதுன்னு கிளாஸ்ல கேட்டேன் சார். அவளே கை தூக்கினா” என்றீர்கள் நீங்கள்.

ஓரமாக நின்ற மகளிடம், “ஏன்டி தள்ளின?” என்று கேட்டேன்.

“தப்புதான்பா. இனிமே செய்ய மாட்டேன்.”

எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன்.

எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. தப்பை ஒத்துக்கொண்டால் அடி கிடையாது, மறைத்தால் உண்டு. பொய் சொல்லாமல் வளரட்டும் என்றுதான் அப்படி வைத்தேன். அறை வாங்கியவள் அழவில்லை. “ஒத்துக்கிட்டேனேப்பா” என்று மட்டும் சொன்னாள். அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை வந்து டிசி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஏங்க, உங்களுக்கு இன்னா ஆச்சு? பௌர்ணமிக்கு ரோடு அடைச்சிடுவாங்க, ஆட்டோ வராதுன்னு பாப்பாவை ஸ்கூலுக்கே அனுப்பலையே. நாள் பூரா உங்க பக்கத்துலதானே ஸ்ட்ரா எடுத்துக் குடுத்துனு இருந்தா?”

ஆமாம். என் பக்கத்தில்தான் இருந்தாள். எனக்கு ஏன் அது நினைவுக்கு வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மகளிடம் கேட்டேன். “மிஸ் ரொம்ப கோவமா இருந்தாங்கப்பா. நான்தான்னு சொன்னா கோவம் போயிடும்” என்றாள்.

மறுநாள் பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். அன்றைக்கு அவள் ஆப்சென்ட். டிசி பேச்சு அதோடு நின்றது. நீங்கள் அப்போதும் சிரித்துக்கொண்டே, “எது கேட்டாலும் நான்தான் மிஸ்னு ஒத்துக்குவா சார். அவ்ளோ நல்ல பொண்ணு. அதுக்காகவே கையில ஸ்டார் ஒட்டுவேன்” என்றீர்கள். அவள் கையில் ஸ்டாரோடு வந்த நாளெல்லாம் நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது என்ன செய்வது என்றே புரியவில்லை. அதட்டாமல் வளர்த்தால் தறிகெட்டுப் போகும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். இனி குரலையே உயர்த்தக் கூடாது என்கிறாள் மனைவி. ஒரு மாதம் சத்தம் போடாமல் இருந்து பார்த்தேன். நான் பேசாமல் இருந்தால், “கோவமாப்பா?” என்று பின்னாலேயே வருகிறாள். போன வாரம் என் கையிலிருந்தே டம்ளர் நழுவி உடைந்தது. அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து “நான்தான்பா” என்றாள். நான் கற்றுக்கொடுத்தது உண்மை பேசுவதையா, என் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதையா?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து, தப்பே செய்யாத குழந்தையை அறைந்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். மிஸ், நீங்களும் எழுந்து பதில் சொல்லவேண்டும். பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஏன் பார்க்கவில்லை? பயந்துபோய்ப் பழியை ஏற்ற குழந்தைக்கு நல்ல பொண்ணு என்று எப்படிப் பெயர் வைத்தீர்கள்?