ஆஃப்ஷோரில் ஒருவர் வேண்டும்

அந்த வருஷம் முழுவதும் நான் கண்ணால் பார்க்காத படகுகளோடு மாரடித்தேன். ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை. எங்கள் கிளையண்ட் வெளிநாட்டில் கடலில் விசைப்படகுப் பந்தயம் நடத்தும் ஒரு சங்கம். எஞ்சினை வைத்து, எந்தப் படகு எந்தப் பிரிவில் ஓடலாம் என்று சொல்லும் ப்ரோகிராம் என் தலையில் விழுந்தது.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஓர் உச்ச அளவு, டீசலுக்கு அதைவிடப் பெரிய அளவு என்று எழுதி முடித்தேன். டீசல்காரர்களே ஜெயிக்கிறார்கள் என்று பெட்ரோல்காரர்கள் சண்டை போட, டீசலின் அளவைக் குறைத்தார்கள். மாற்றினேன். டீசல்காரர்கள் முறுக்கிக்கொள்ள, பழைய அளவையே திருப்பிக் கொடுத்து, டீசல் படகின் எடையைக் கூட்டச் சொன்னார்கள். அதையும் மாற்றினேன். ஒரு முடிவெடுத்துத் தொலைக்க மாட்டார்களா என்று எரிச்சலாக வந்தது. டிஃபென்ஸில் எஞ்சின் பிரிவிலிருந்து ரிடையரான அப்பாவுக்கு மட்டும் ஒரே குஷி. ஹப்சிகுடா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், இன்றைக்கு எந்தக் கட்சி ஜெயித்தது என்று கேட்பார்.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டது ஒன்றுக்காகத்தான். சீசனின் முதல் பந்தயத்துக்கு எங்களில் ஒருவரை அழைப்பார்கள் என்று பேச்சு இருந்தது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஆன்சைட் என்று கிளையண்டின் நாட்டுக்கே போய் வந்துவிட்டார்கள்; நான் விமானமே ஏறியதில்லை. கடைசியில் மெயில் வந்தது: பந்தய நாளன்று ஆஃப்ஷோரில் ஒருவர் வேண்டும். அவர்களுக்கு ஆஃப்ஷோர் என்றால் கரையைத் தாண்டிய கடல். பந்தயத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன், ஸ்வெட்டர் வாங்கினேன். நான் வெளிநாடு போவதை அம்மா பக்கத்து ஏரியா தார்நாகா வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

மானேஜர் சிரிக்காமல்தான் சொன்னார். எங்கள் தொழிலில் ஆஃப்ஷோர் என்றால், வெளிநாட்டு வேலையை இங்கே உட்கார்ந்து செய்கிற நாம்தானாம். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் ஆபீசுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். போதாததற்கு விதியை மறுபடி மாற்றியிருந்தார்கள்: இனி எல்லாப் படகுக்கும் ஒரே கம்பெனியின் ஒரே எஞ்சின்.

ஞாயிறு மதியம், ஆளில்லாத ஆபீசில், ஏசி குளிருக்கு அந்த ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா போன் செய்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே எஞ்சின்னா, உன் ப்ரோகிராம் எதைம்மா பார்க்கும்?"

"ஒண்ணும் பார்க்காதுப்பா."

"அப்ப உன்னை எதுக்கு வரச் சொன்னாங்க?"

எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அதற்குள் திரையில் சங்கத்திடமிருந்து மெயில்: ஆஃப்ஷோர், தயாரா?

தயார் என்று பதில் அடித்தேன்.