சாக்பீஸ் வட்டம்

தோல் வாசனை ஃபேக்டரியில் எனக்குத் தெரிவதே இல்லை. ஏ.சி. குளிரில், மூடிய அறைக்குள், எங்காவது ஒரு பையிலிருந்து அது கசிந்தால் மட்டும் மூக்கு விழித்துக்கொள்ளும். உடனே அந்தக் கம்ப்யூட்டர் லேப்.

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையை விடாமல், நாற்பத்து நாலு வயதில், ஞாயிறுதோறும் வேலூருக்குப் பஸ் ஏறி நான் எம்.சி.ஏ. படித்த இடம் அது. முதல் செமஸ்டரில் ஸ்டாக், அதாவது அடுக்கு, என்று போர்டில் எழுதி, கடைசியாக வைத்தது முதலில் வரும் என்றார்கள். என் மேசையில் தோல் அடுக்கு இருபது வருஷமாக அப்படித்தான் ஏறி இறங்குகிறது. பேர் தெரியாமல் நான் படித்து வைத்திருந்த பாடங்கள் நிறைய.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டில் என்னோடு சேர்ந்தவள் வாணியம்பாடிக்காரி, என்னில் பாதி வயது. சென்னைக் கம்பெனி ஒன்று அவளை எடுத்திருந்தது. ப்ராஜெக்ட் பாஸ் ஆனால்தான் வேலை உறுதி. போட்டோவைப் பார்த்து நல்ல தோல், குறையுள்ள தோல் என்று பிரிக்க மெஷினைப் பழக்குவது எங்கள் திட்டம். அனுமதி வாங்கி ஃபேக்டரியில் போட்டோ எடுத்தது நான். புரோகிராம் பாதி அவள், பாதி நான். மெஷின் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. எனக்கே ஒரு நாளைக்கு நாலு தோல் தப்பும்.

வைவாவுக்கு முந்தின நாள் மதியம், பையிலிருந்து ஓர் ஆட்டுத்தோலை எடுத்து லேப் மேசையில் விரித்தேன். முதுகெல்லாம் உண்ணி கடித்த தழும்பு. போட்டோ எடுத்துக் கொடுத்தோம். நல்ல தோல் என்றது மெஷின்.

"இன்னாக்கா இது?"

என் கை தன் பழக்கத்துக்குப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, தழும்பைச் சுற்றி வட்டம் போட்டது. வெட்டுகிறவர் அந்த இடத்தை ஒதுக்கட்டும் என்று ஃபேக்டரியில் போடுகிற வட்டம். மறுபடி போட்டோ. குறையுள்ள தோல் என்றது.

அவள் சாக்பீஸைப் பிடுங்கித் தன் புது ஹேண்ட்பேகில் ஒரு வட்டம் போட்டுப் போட்டோ எடுத்தாள்.

"பெருநாளுக்கு வாங்குனதுக்கா. ரிஜெக்ட்டாம்."

சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை நாளும் மெஷின் தோலைப் பார்க்கவேயில்லை, என் வட்டத்தைப் பார்த்திருக்கிறது. குறையைக் கண்டதும் வட்டம் போட்டுவிட்டு, அப்புறம்தான் நான் ஒவ்வொரு போட்டோவும் எடுத்திருக்கிறேன்.

"தப்பு என்னுதும்மா. நாளைக்குப் பழைய போட்டோவையே காட்டலாம். வெளியிலேர்ந்து வர்ற சாருக்குத் தெரியாது. உன் சென்னை வேலை இதுலதான் இருக்குது."

அவள் ஹேண்ட்பேகிலிருந்த வட்டத்தை விரலால் துடைத்தாள்.

"சாருக்குத் தெரியாதுதான். சென்னைல போயும் நான் இதே வேலைதானே செய்யப்போறேன். அங்க யாரு வட்டம் போட்டு வச்சிருக்காங்கன்னு நான்தானே பாக்கணும். வேணாங்க்கா இந்த பேஜாரு. காட்டிடலாம்."

சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட்டின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். எழுத எழுத எனக்கு உடம்பு லேசானது.

மறுநாள் வைவாவில் அவள் சாக்பீஸை நீட்டினாள். "சார், உங்க ஷூவுல ஒரு வட்டம் போடுறீங்களா?"

தேர்வாளர் எங்களைப் பார்த்தார், குனிந்தார், போட்டார். மெஷின் அதையும் தள்ளியது.

"ஆம்பூர் ஷூம்மா இது" என்றார் பாவமாக.

அப்புறம் அரை மணி நேரம் துளைத்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படித் திருத்துவீர்கள். எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. விடை சரியா என்பதோடு விடக்கூடாது, எதைப் பார்த்து அந்த விடை வந்தது என்று கேட்க வேண்டும்: மூன்று வருஷப் படிப்பில் நான் சம்பாதித்த கேள்வி அது. பாஸ் போட்டார். மார்க் கொஞ்சம் கம்மிதான்.

ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஆம்பூரில் நான் இறங்கினேன். அவளுக்கு வாணியம்பாடி, அடுத்த வாரம் சென்னை. ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"புது போட்டோ அனுப்புக்கா. அங்கேர்ந்தே ஓட்டிப் பாக்கறேன்."

"அனுப்புறேன், போ."

பஸ் நகர்ந்தது.

"போட்டோ முதல்லக்கா. சாக்பீஸ் அப்புறம்."