பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம்

என் அப்பா ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் இஞ்சின் லைனில் வேலை பார்த்தார். அவருடைய வேலை ஒன்றே ஒன்றுதான். லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு புது இஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டர் மாட்ட வேண்டும். டம்ளர் அளவில் ஒரு தகர டப்பா, அதன் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, டப்பாவைத் திருகி இறுக்கி முடிப்பதற்குள் அடுத்த இஞ்சின் வந்து நிற்கும். ஊரார் கார்களுக்கெல்லாம் அப்படி மாட்டியவர், தன் சொந்தக் காருக்கு வீட்டில் வைத்து மாட்டியது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையும் சொதப்பிவிட்டார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா கோபித்துக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் பெரிய மாமா வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை, பாத்திரம் ஒன்றும் பறக்கவில்லை. அம்மா எதைப் பேச ஆரம்பித்தாலும் அப்பா, "இரு, ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து பேசலாம்" என்பார். ஷிப்ட் முடிந்தால் ஓ.டி. அது முடிந்தால் தூக்கம். வீட்டில் ஃப்யூஸ் போன பல்பை மாற்றவும் அவருக்கு நேரம் கிடையாது. ஒருநாள் அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாதி வருடத்தில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது, பரீட்சை முடிந்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்று என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அப்பாவுக்கு மதிய ஷிப்ட். நான் பள்ளியிலிருந்து வரும்போது வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா வீட்டிலேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிடுவேன். காலையில் அப்பா அரைத்தூக்கத்தில் வந்து என்னைக் கூட்டிப் போவார். பின்னத் தெரியாததால் என் தலைமுடியை அப்படியே சேர்த்துப் பிடித்து ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டு பேரும் ஒழுங்காக விழித்திருப்போம். அன்றைக்கும் பூசைக்குப் போவதில்லை. போனால் சர்ச் வாசலில் யாராவது, "அம்மா எங்கடி காணோம்?" என்று கேட்பார்கள். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான். அதை அப்பாவிடம் சொல்வதற்கும் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே, "பாப்பா, இன்னைக்குப் போய் அம்மாவைக் கூட்டினு வந்துடலாம்" என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்றார். எங்கள் கார், குடும்பமாக வெளியே போகவேண்டும் என்று வாங்கிய பழைய கார். எங்கும் போகாமலே வாசலில் கவர் போர்த்திக்கொண்டு, மேலே வேப்பிலை குவிய நின்றிருந்தது. அதற்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி எத்தனையோ நாளாகிவிட்டதாம். மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் வீட்டு வேலை எதையும் தொடுவதில்லை என்பதுதானே அம்மாவின் புகார்? தானே செய்தேன் என்று போய்ச் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்குச் சொல்லவே வேண்டாம், பெருமை தாங்கவில்லை.

முன் சக்கரங்களைத் தடிமனான பலகைகள்மேல் ஏற்றிவிட்டுக் கீழே நுழைந்தார். பழைய பிளாஸ்டிக் டப்பில் பழைய ஆயில் கருகருவென்று இறங்கியது. பழைய ஃபில்டர் லேசில் கழலவில்லை. துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகி எடுத்துத் தூர வைத்தார். புது ஃபில்டர் கைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டார். "இதெல்லாம் கண்ண மூடினு மாட்டுவேன்" என்றார். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு மாட்டியும் காட்டினார். நான் கைதட்டினேன். இந்தக் கதையில் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும் இடம் அது ஒன்றுதான்.

புது ஆயிலை ஊற்றி மூடியதும் கிளம்பினோம். போகிற வழியில் மல்லிகைப்பூ வாங்கினார். அம்மாவிடம் நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "வேணாம், நானே குடுக்கிறேன்" என்று டேஷ்போர்டின்மேல் வைத்துக்கொண்டார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. மாமா வீட்டுத் தெருவில் திரும்பும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால், ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. வாசல் சரிவில் முன் சக்கரத்தை ஏற்றி, சட்டென்று இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். தெருமுனையிலிருந்து மாமா வீட்டு வாசல் வரைக்கும் ஆயில் கோடு போட்டிருந்தது.

பெரிய மாமா வெளியே வந்தார். டிராக்டர் வைத்திருப்பவர், பார்த்ததுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னா மாப்ள, டெய்லி இத்தையேதான மாட்டினுகீற?" என்றார். அவர் கேலிக்காகத்தான் சொன்னார். அப்பா சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, நல்ல சட்டையோடு அப்படியே வண்டிக்குக் கீழே போய்விட்டார்.

புது ஃபில்டரைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வராமல் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதன்மேலேயே புதியதை மாட்டிவிட்டார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் இருந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? கம்பெனியில் வருவதெல்லாம் புது இஞ்சின். பழையதைக் கழற்றும் வேலை அவருக்கு எங்கே இருந்தது? அந்த வளையத்தைப் பிய்த்து வெளியே நீட்டினார். நான் வாங்கித் துடைத்து, வளையல் மாதிரிக் கையில் போட்டுக்கொண்டேன்.

அம்மா வந்தாள். அவளைப் பார்த்ததும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் ரப்பர் பேண்டைக் கழற்றி, அங்கேயே நின்று இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே வண்டியையே பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் காபியோடு வந்து, அப்பாவின் கால்கள் தெரிந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"வெளிய வாங்க. கொஞ்சம் பேசணும்" என்றாள்.

"ரெண்டே நிமிஷம். இத்த முடிச்சிட்டு வந்துடறேன்" என்றது கீழேயிருந்து அப்பாவின் குரல்.

அம்மா காத்திருந்தாள். காபியில் ஆடை படிந்தது. மாமா தன் டிராக்டருக்கு வைத்திருந்த ஆயில் கேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கீழே ஸ்பேனர் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். ஃபில்டர் மாட்டியாகிவிட்டது. அப்பா இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, இஞ்சினைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருந்தார்.

"இன்னாப்பா பண்ற?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒழுவுதான்னு பாக்கறேன் பாப்பா. அம்மாகிட்ட வந்துடறேன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்தார். ஆயிலை ஊற்றினார், வாசலில் மண்ணைப் போட்டுக் கறையை மூடினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்தோம். மல்லிகைப்பூ டேஷ்போர்டிலேயே இருந்தது. வழி முழுக்க அதன் வாசனையும் ஆயில் வாசனையும் சேர்ந்து அடித்தது. பரீட்சை முடிந்ததும் அம்மா சொன்னபடி வந்து என்னை வாலாஜாபாத்துக்குக் கூட்டிப் போனாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வருவார், பஸ்ஸில். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை வந்தார்.

அந்த ரப்பர் வளையத்தின்மேல் எனக்குப் பல வருடங்கள் கோபம் இருந்தது. அது மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் கையோடு வந்திருந்தால் வண்டி ஒழுகியிருக்காது, மாமா கேலி செய்திருக்கமாட்டார், அம்மா எங்களோடு வந்திருப்பாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

போன மாதம் என் காரை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் ஃபில்டரை மாட்டி, ஆயிலை ஊற்றிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். எதற்கு என்றேன்.

"இஞ்சின் ஓடினாத்தான் மேடம் ஒழுவுதா இல்லையான்னு தெரியும். ஆஃப்ல வெச்சினு கீழ படுத்து இன்னாத்த பாக்கறது?" என்றார்.

மாமா வீட்டு வாசலில் அன்றைக்கு அப்பா கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இஞ்சினில் ஆயிலே இன்னும் ஊற்றவில்லை. வண்டிச் சாவியும் என் கையில்தான் இருந்தது.